தொன்னை வரும் என்று இருந்தேன்

மைசூரில் நான் வேலை பார்த்த ஊதுவத்திக் கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்ததும் அவரவர் டப்பாவை அவரவர் திறந்துகொண்டு உட்காருவார்கள். நானும் அக்காவும் மட்டும் இரண்டு டப்பாவையும் நடுவில் வைத்து, இரண்டிலும் கை விட்டுச் சாப்பிடுவோம். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பாக்கெட் கட்டுகிற ஹாலில் எனக்குப் பக்கத்துச் சாக்கில் உட்காருகிற கன்னடக்கார அம்மா. என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் அக்கா என்பேன், அவர் என்னைத் தங்கி என்பார். கன்னடத்தில் தங்கி என்றால் தங்கச்சி.

அவர் டப்பாவில் பெரும்பாலும் ராகி முத்தெ இருக்கும். எங்கள் பக்கம் களி என்போமே, அதுதான். கூடவே கீரை வேகவைத்த தண்ணீரில் வைத்த ஒரு சாறு. என் டப்பாவில் சோறும் தக்காளிக் குழம்பும். கை எந்த டப்பாவுக்குள் போகிறது என்று பார்க்காமலே சாப்பிடுவோம். பேசுவது அவர், கேட்பது நான். கல்யாணமாகி அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் கன்னடம் எனக்குக் காதில் ஏறும், வாயில் வராது. தமிழே நாலு பேர் முன்னால் வராதவள் நான். ஐந்தாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினபோது வாத்தியார் என் அம்மாவிடம், இந்தப் பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று கேட்டாராம். அதனால் எனக்கு லீவு வேண்டுமானால் மேஸ்திரியிடம் அக்காதான் கேட்பார். ரவிக்கைத் துணி எடுக்கப் போனால் கடைக்காரனிடம் பேரம் பேசுவதும் அவர்தான். "நாக்கை அம்மா வீட்டுலயே விட்டுட்டு வந்தியா தங்கி" என்று கேலி செய்துகொண்டே பேசிக் கொடுப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில், தெருவில் ஒவ்வொரு வீடாகக் கேபிள் டிவி வந்துகொண்டிருந்த சமயம், என் வலது கையில் ஒரு விரல் நுனியில் நகத்தைச் சுற்றி வெள்ளையாக ஒன்று தெரிந்தது. சுண்ணாம்பு ஒட்டிக்கொண்ட மாதிரி. ஊதுவத்தி வாசனைப் பொடியாக இருக்கும் என்று தேய்த்துக் கழுவினேன். போகவில்லை. கொஞ்ச நாளில் அடுத்த விரலுக்கு வந்தது, பிறகு இடது கைக்கு. அரிப்பு கிடையாது, வலி கிடையாது. கறுத்த கை என்பதால் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். முந்தானையில் சுற்றிக்கொண்டு திரிந்தேன். பாக்கெட் கட்டுகிறவள் கையை எத்தனை நேரம் மறைக்க முடியும்?

ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். என்னடி இது என்று கேட்டார். எங்கள் ஊரில் ஒரு தையற்காரருக்கு இரண்டு கையும் முகமும் இப்படித்தான் வெள்ளையாக இருக்கும். அவர் தைத்த ரவிக்கையைத்தான் ஊரே போட்டது. அவர் மனைவி மக்களோடு நன்றாக வாழ்ந்தார். அந்த வெள்ளைக்கு எங்கள் பக்கம் வெண்குஷ்டம் என்று பெயர். கன்னடத்தில் அதற்கு என்ன பெயரோ எனக்குத் தெரியாது. வெள்ளைக்கு அவர்கள் பிளி என்பார்கள், அது தெரியும். அதை முன்னால் போட்டுச் சொன்னேன்.

"பிளி குஷ்ட, அக்கா."

சொல்லிவிட்டு, முழுசாக ஒரு பதிலைக் கன்னடத்தில் சொல்லிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அக்கா என் கையை உதறவில்லை. மெதுவாகத்தான் விட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். யாரிடமும் சொல்லாதே, சீக்கிரம் டாக்டரைப் பார் என்று மெல்லிய குரலில் சொன்னார். பிறகு குழாயைத் திறந்து தன் கையை வெகுநேரம் கழுவினார்.

அன்றைக்குச் சாப்பாட்டு மணி அடித்தபோது அவருக்கு வயிறு சரியில்லை. மறுநாள் விரதம். அதற்கு மறுநாள் பிரசவத்துக்கு வந்திருக்கிற மகளுக்குப் பத்தியச் சமையல் செய்ததில் தன் டப்பாவைக் கட்ட மறந்துவிட்டாராம். நான் என் டப்பாவை நடுவில் தள்ளினேன். நீ சாப்பிடு என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாரக் கடைசியில், மகள் வீட்டில் இருக்கிறாள், சாயங்காலம் நான் இருந்தாக வேண்டும் என்று மேஸ்திரியிடம் கேட்டு முதல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். எனக்கு எப்போதும் இரண்டாம் ஷிப்டு.

அதற்குப் பிறகு கேட் அருகே தினமும் அவரைப் பார்ப்பேன். அவர்கள் கூட்டம் வெளியே வரும், எங்கள் கூட்டம் உள்ளே போகும். அக்கா தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தின் அந்தப் பக்கமாகப் போய்விடுவார். கனகாம்பரம் வாங்கினால் பாதியைக் கிள்ளி என் தலையில் வைக்காமல் இருந்ததில்லை அவர். இப்போது முழுச் சரமும் அவர் தலையிலேயே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போவேன்.

ஆடி மாதம் வந்தது. கன்னடக்காரர்களுக்கு ஆஷாடம். வெள்ளிக்கிழமைகளில் பாதிக் கம்பெனி சாமுண்டி மலைக்குப் போய்வரும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, நான் ஹாலுக்குள் போகும்போது குழாயடியில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்கள். "அவளிகெ தொன்னு" என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி, ஆமாம், எனக்கும் தெரியும் என்றாள். அவளிகெ என்றால் அவளுக்கு. தொன்னு என்றதும் நான் தொன்னை என்று எடுத்துக்கொண்டேன். கோயில் பிரசாதத்தை இலைத் தொன்னையில்தானே தருவார்கள். அக்கா மலைக்குப் போய்வந்திருக்கிறார், முதல் ஷிப்டு முடிந்து போகும்போது எனக்கென்று ஒரு தொன்னை பிரசாதத்தை இவர்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். கோபமெல்லாம் இல்லை, ஷிப்டுதான் மாறிப்போச்சு, நம்மை மறக்கவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து சாக்கில் உட்கார்ந்தேன். நானாகக் கேட்கக் கூச்சம். அவர்களாகக் கொண்டுவந்து தருவார்கள் என்று இருந்தேன். அவர்கள் பக்கம் பார்க்கிறபோதெல்லாம் சிரித்தேன். அவர்களும் ஒரு மாதிரிச் சிரித்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தது, போனது. வேலை முடிந்து புடவையை உதறிக்கொண்டு எல்லாரும் கிளம்பினார்கள். தொன்னை வரவில்லை. எறும்பு ஏறிவிட்டதென்று கீழே கொட்டியிருப்பார்கள், இல்லை மறந்திருப்பார்கள் என்று வீடு வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

என் வீட்டுக்காரருக்குக் கட்டட வேலை, பூச்சு பூசுகிறவர். எங்களுக்குப் பிள்ளை இல்லை, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அன்றைக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வெள்ளை போனால் அக்கா திரும்பவும் என் பக்கத்தில் வந்து உட்காருவார் என்று சொன்னேன். வெள்ளை போனால் நல்லது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அக்கா வருவதற்கு அது போக வேண்டும், அவ்வளவுதான்.

"அந்தக் கார்டை எடு புள்ள" என்றார். "மாசாமாசம் சம்பளத்துல புடிக்கறாங்கல்ல. சாமி படத்துக்குப் பின்னால சொருகி வெக்கறதுக்கா குடுத்தாங்க?"

கார்டு என்றது, தொழிலாளிகளுக்கு அரசாங்கம் நடத்துகிற வைத்திய இன்சூரன்ஸ் அட்டை. அது என் பெயரில் இருந்தது. அவருக்கு வருகிற வேலையில் அதெல்லாம் கிடையாது. என் கார்டில்தான் அவரும் காய்ச்சல் மாத்திரை வாங்குவார். அதைப் பற்றி அவருக்கு ஒரே பெருமை.

முதலில் எங்கள் பகுதி டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் படர்தாமரைக்குப் போடுகிற களிம்பைக் கொடுத்தார். டப்பா தீருகிற வரை பூசினேன். விரல் எரிந்ததுதான் மிச்சம். திரும்பப் போனதும், இதற்கு ஸ்கின் டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, கார்டுக்காரர்களுக்கான பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கின் டாக்டர் என்று ஓர் அறை இருந்தது. உள்ளே மேஜை இருந்தது, நாற்காலி இருந்தது, டாக்டர் இல்லை. அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாராம், அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லையாம். வரிசையில் நின்ற ஓர் அம்மா சொன்னார். இருந்தாலும் ஜன்னலில் கேட்டுப் பார் என்றார். ஜன்னலில் இருந்த குமாஸ்தா சீட்டை வாங்கிக்கொண்டு என்ன தொந்தரவு என்று கேட்டார். அக்காவிடம் சொன்ன அதே பதிலைச் சொன்னேன். அவர் சீட்டின் ஓரத்தை மட்டும் பிடித்து என் பக்கம் தள்ளினார். இதெல்லாம் இங்கே இல்லை, அந்த இடத்துக்குப் போ என்று வேறோர் ஆஸ்பத்திரியின் பின்கட்டுக்கு வழி சொன்னார்.

சரி, ஸ்கின் டாக்டர் அங்கே இருப்பார் போல என்று நடந்தே போனேன். அங்கே பெஞ்சில் இருந்தவர்களின் காலில் துணிக் கட்டு. சில பேருக்கு விரல்கள் மடங்கியிருந்தன. ஒரு வயதான அம்மா நகர்ந்து எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்த பிறகுதான் அது பெருவியாதிக்காரர்களுக்கு மருந்து கொடுக்கிற இடம் என்று புரிந்தது. ஜன்னலில் இருந்த குமாஸ்தா ஆஸ்பத்திரிக்காரர், அவருக்குத் தெரியாமலா அனுப்பியிருப்பார்? அப்படியானால் எனக்கு வந்திருப்பது இதுதான். அக்கா கையைக் கழுவினது சரிதான். என் முறை வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து என் தட்டையும் டம்ளரையும் தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்தேன். பாயையும் தள்ளிப் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு, என்ன புள்ள இது புதுசா என்று அவர் கேட்டார். சொன்னேன். அவர், நான் பாதி சாப்பிட்டு வைத்திருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்து, அதிலிருந்த சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். நான் பிடுங்கப் போனேன்.

"வந்தா வரட்டும் விடு. ரெண்டு பேருக்கும் ஒரே கார்டுதான, சேந்தே போயிட்டு வரலாம்."

நான் அழுதேன். அவர் குழம்பில் உப்பு கம்மி என்றார்.

பிறகு ஒரு நாள் அவர் லீவு போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு தனி டாக்டர்களைத் தேடினார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் பெரிய போர்டு. எனக்குக் கன்னட எழுத்துத் தெரியாது, அவர்தான் சிமெண்ட் லாரிகளில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுப் படி ஏறாமல் நின்றார். என்ன போட்டிருக்கிறது என்றேன். தோல் வியாதி என்று போட்டிருக்கிறது என்றார். அப்புறம் என்ன, வாங்க என்றேன். அதுக்குக் கீழே இன்னொன்றும் போட்டிருக்கிறது என்று இழுத்தார். ரகசிய வியாதிக்கும் அதே டாக்டராம். கீழே டீக்கடையில் நின்றவர்கள் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. முந்தானையால் கையை மூடுவதற்குப் பதில் முகத்தை மூடிக்கொண்டு படி ஏறினேன்.

அங்கே சீட்டுக் கொடுக்கிற பெண் எங்கள் கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இது பஸ் பாஸா, ரேஷன் அட்டையா என்று கேட்டுச் சிரித்தாள். இன்சூரன்ஸ் கார்டு என்று என் வீட்டுக்காரர் சொன்னதும், இங்கே அதெல்லாம் எடுப்பதில்லை, டாக்டர் பீஸைக் கட்டினால் உட்காருங்கள் என்றாள். அவள் சொன்ன பீஸ் எங்களுக்கு ஆகாது. இன்னும் இரண்டு இடத்தில் கேட்டோம். ஓர் இடத்தில் மரியாதையாக இல்லை என்றார்கள், இன்னோர் இடத்தில் மரியாதை இல்லாமல் இல்லை என்றார்கள். திரும்பி வரும்போது அவர், மைசூரில் தோல் இல்லாதவனுக்குத்தான் டாக்டர் கிடைப்பான் போல என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட் அருகே அக்கா குனிந்துகொண்டு போவதே கண்ணுக்குள் இருந்தது. அவர் கூட இருந்திருந்தால் அந்தப் பெண்ணிடம் நாலு கேள்வி கேட்டிருப்பார். டாக்டரைத் தேடுவதற்கே எனக்கு அக்கா வேண்டியிருந்தது.

அந்த டாக்டரைக் கடைசியில் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர்தான். அக்ரஹாரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படியை இடித்துப் பூசுகிற வேலை அவருக்கு வந்தது. கீழே வெற்றிலைக் கடை, மேலே ஒரு டாக்டர். வியாழக்கிழமை மத்தியானம் பார்த்தால், ஈரப் பூச்சை மிதித்துவிடாமல் சுவரோரமாக ஒவ்வொருவராக ஏறிப் போகிறார்கள், எல்லார் கையிலும் நம்முடைய அட்டை மாதிரியே ஓர் அட்டை. ஒருவரை நிறுத்திக் கேட்டிருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆள் வருகிற வரைக்கும் இந்த ஸ்கின் டாக்டர் வாரத்தில் ஒரு நாள் கார்டுக்காரர்களைப் பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறாராம். டிஸ்பென்சரியில் சீட்டு எழுதி வாங்கி வந்தால் போதுமாம். அவர் பூச்சுக் கரண்டியோடு வீட்டுக்கு வந்து சொன்னார். கரண்டியை அங்கேயே வைத்துவிட்டு வரத் தோன்றவில்லை அவருக்கு.

அடுத்த வியாழக்கிழமை சீட்டோடு போனோம். டாக்டர் நடு வயதுக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி. கன்னடத்தில் என்னவென்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். மறுபடியும் அதே பதிலைத்தான் சொன்னேன். ஆனால் இந்தத் தடவை குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். கையை நீட்டச் சொன்னார். தன் கையாலேயே பிடித்தார். குழாயடியில் அக்கா விட்ட பிறகு என் வீட்டுக்காரரைத் தவிர வேறொருவர் அந்தக் கையைத் தொட்டது அப்போதுதான். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். தொட்டால் சொல்ல வேண்டும். அவர் தொடுகிற ஒவ்வோர் இடத்திலும் நான் ம் என்றேன். வெள்ளையில் தொட்டாலும் ம், கறுப்பில் தொட்டாலும் ம். கண்ணைத் திறந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சொன்னார்.

"நான் மெட்ராஸ்ல படிச்சவன்மா, உங்க தமிழ் எனக்குத் தெரியும்" என்று தமிழிலேயே சொன்னார். "வெண்குஷ்டம்னு சொல்ல வந்தீங்க, இல்லையா? தமிழ்ல யாரோ அப்படிப் பேர் வெச்சுட்டாங்க. இதுக்கும் குஷ்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இது ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது. ஆனா கன்னடத்துல போய் பிளி குஷ்டன்னு சொன்னா, கேக்கறவங்க நிஜக் குஷ்டம்னுதான் நினைப்பாங்க. இங்க இதுக்குப் பேரே வேற. தொன்னு."

"தொன்னையா?" என்றேன்.

"தொன்னை இல்லம்மா. தொன்னு. இந்த வெள்ளைக்குத்தான் அந்தப் பேர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் முன்னால், முன்பின் தெரியாத ஆள் முன்னால், நான் சத்தமாகச் சிரித்தேன். அவளிகெ தொன்னு. அவர்கள் என்னைப் பார்த்துச் சொன்னதை, எனக்குப் பிரசாதம் வந்திருக்கிறது என்று நினைத்துக் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே. சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அக்கா எனக்கு ஒன்றும் அனுப்பவில்லை. மலைக்கே போனாரோ என்னவோ. டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர், ஒட்டாதுன்னு சொன்னீங்கல்ல, அந்தச் சந்தோஷங்க என்று சமாளித்தார்.

பூசுவதற்கு ஒரு தண்ணி மருந்து எழுதினார். பூசிக்கொண்டு காலை வெயிலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், அதிகம் நின்றால் பொத்துப்போகும். வெள்ளை போகலாம், போகாமலும் இருக்கலாம், மாதம் ஒரு தடவை வியாழக்கிழமை வந்து காட்டுங்கள் என்றார். இதெல்லாம் என் வீட்டுக்காரர்தான் கேட்டுக்கொண்டார். எனக்கு வேறொன்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பெருவியாதி என்று அக்காவிடம் சொன்னது நானே. குழாயடியில் நின்ற மற்றப் பெண்களுக்கெல்லாம் சரியான பெயர் தெரிந்திருக்கிறது. தப்பான பெயர் போய்ச் சேர்ந்தது அக்கா ஒருவரிடம்தான்.

மறுநாள் மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே போய்க் கேட் பக்கத்தில் நின்றேன். தொன்னு, தொன்னு என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மறுபடியும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாதே என்று. முதல் ஷிப்டு விட்டது. கூட்டத்தில் அக்கா அந்தப் பக்கமாக ஒதுங்கினார். நான் குறுக்கே போய் நின்றுவிட்டேன். என் வாழ்க்கையில் ஒருவர் வழியை மறித்தது அந்த ஒரு தடவைதான்.

"நனகெ குஷ்ட அல்ல, அக்கா. தொன்னு" என்றேன்.

அக்கா அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். திரும்பச் சொல் என்றார். சொன்னேன். டாக்டர் பஞ்சால் தொட்டுப் பார்த்ததையும், எங்கள் தமிழில் இதற்கு அப்படி ஒரு பெயர் இருப்பதையும் தெரிந்த கன்னடத்தில் கொட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "பாவி, தொன்னுன்னு அன்னைக்கே சொல்றதுக்கு என்னடி? ஊரே தொன்னு தொன்னுன்னுதான் சொல்லிச்சு. இதுகளுக்கு நிஜம் தெரியாது, தங்கி என்கிட்ட மட்டும்தான் நிஜத்தைச் சொல்லியிருக்கான்னு நான் வாயைத் தைச்சுக்கிட்டு இருந்தேன். குஷ்டம்னு வெளிய வந்தா மேஸ்திரி உன்னை ஒருநாள் உள்ள விடுவானா?"

அதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது. மகள் பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிறாள், தினம் இந்தக் கையால்தான் அந்தச் சிசுவைக் குளிப்பாட்டுகிறேன், பயந்துவிட்டேன் தங்கி என்றார். பிறகு என் இரண்டு கையையும் எடுத்து வெள்ளை இருக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்துத் தடவினார். கேட் வாட்ச்மேன், உள்ளே போறவங்க போங்க, கொஞ்சறவங்க வீட்டுல போய்க் கொஞ்சுங்க என்று சத்தம் போட்டார். அக்கா அவரை ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் என் கையை விட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் ஷிப்டு ஷிப்டுதான். அக்கா போய் மேஸ்திரியிடம் பழையபடி இரண்டாம் ஷிப்டு கேட்டார். அன்றைக்கு அது வேணும்னே, இன்றைக்கு இது வேணுங்கறே, இது என்ன சந்தைக் கடையா என்று அவன் விரட்டிவிட்டான். என் பக்கத்துச் சாக்கில் ஏற்கெனவே வேறொரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். நல்ல பெண். அவள் டப்பாவை அவள் திறப்பாள். என்னை முதல் ஷிப்டுக்கு மாற்றச் சொல்லி நானே போய் மேஸ்திரி முன்னால் நின்றேன். நின்றேனே தவிர, வாயைத் திறப்பதற்குள் அவன் வேறு வேலையாகப் போய்விட்டான். இன்னொரு நாள் திறந்தேன். ஆள் யாராவது நின்றால் பார்க்கலாம் என்றான். யாரும் நிற்கவில்லை.

முதல் ஷிப்டில் அக்கா தன் இடத்தை விட்டு என் சாக்கில் உட்கார ஆரம்பித்தாராம். நான் போய் உட்காரும்போது சாக்குச் சூடாக இருக்கும். கேட் அருகே, அந்தக் கூட்டம் வந்து இந்தக் கூட்டம் போகிற நேரத்துக்குள் டப்பாவை மாற்றிக்கொள்வோம். அவர் முத்தெயை நான் மாலையில் தனியாகச் சாப்பிடுவேன். என் சோற்றை அவர் வீட்டில் கொண்டுபோய்ச் சாப்பிடுவார். நேற்றைக்குக் குழம்பு நன்றாக இருந்தது என்று மறுநாள் சொல்வார். நேற்றைய சாப்பாட்டைப் பற்றி இன்றைக்குப் பேசுவதில் என்ன இருக்கிறது? சாப்பிடும்போதே சொல்ல வேண்டும், கை டப்பாவுக்குள் இருக்கும்போதே சொல்ல வேண்டும்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனது. வெள்ளை போகவில்லை, முழங்கை வரை ஏறியது. மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு அக்ரஹாரத்துக்குப் போய் டாக்டரிடம் காட்டிவிட்டு வருவேன். அப்படி ஒரு வியாழக்கிழமை போய்விட்டு, மறுநாள் கேட் அருகே நின்றேன். அக்கா என்னைத் தூரத்தில் பார்த்ததுமே இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

நேற்று எங்கேடி போய்த் தொலைந்தாய் என்றார். டாக்டரிடம் என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். முந்தின நாள் இரண்டாம் ஷிப்டில் ஆள் குறைந்துவிட்டதாம். காலையில் மேஸ்திரி, முதல் ஷிப்டுக்குப் பதிலாக யாராவது இன்றைக்கு மட்டும் இரண்டாம் ஷிப்டில் வருகிறீர்களா என்று கேட்டானாம். அக்கா மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் நான் என்று கையைத் தூக்கிவிட்டாராம். எனக்குத் தெரியாமல் வந்து உட்கார வேண்டும் என்று, மத்தியானமே வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். ஆள் குறைந்ததில் ஒருத்தி நான்தான்.

"அப்புறம் என்ன செஞ்சீங்க அக்கா?" என்றேன்.

"என்ன செய்ய? உன் சாக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேன்."

அப்படி ஒரு நாள் மறுபடி வரவில்லை. கம்பெனியை விட்டு நிற்கிற வரைக்கும் அவர் முதல் ஷிப்டு, நான் இரண்டாம் ஷிப்டு. பிறகு அவர் மகளோடு சாமராஜநகர் போய்விட்டார். எனக்கு இப்போது கை, முகம் எல்லாம் முழுசும் வெள்ளையாகி ஒரே நிறமாகிவிட்டது, பார்க்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி என்றே தெரிவதில்லை. மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போது, நான் இல்லாத அந்த ஒரு நாள் நினைவுக்கு வரும். ஹால் முழுக்க எல்லாரும் அவரவர் டப்பாவைத் திறந்திருப்பார்கள். அக்கா தன் டப்பாவைத் திறந்து, பழக்கத்தில் அதைத் தன் மடியருகே வைத்துக்கொள்ளாமல் என் சாக்குப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைத்திருப்பார். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் வைத்திருப்பார்.